ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசு யாருடையது?

ஜும்ஆத் தொழுகை முடிந்து கம்போங் கிளிங் பள்ளிவாசல் வாயிலில் நம்மவர்கள் நான்கு பேர் நின்று பேசினால், ஹஜ்ஜுப் பேச்சு வராமல் போவதில்லை. "என்ன பாய், நிய்யத்து உண்டா?" என்று ஒருவர் கேட்பார். "நிய்யத்து இல்லாமல் இருக்குமா? காசு கொஞ்சம் சேரட்டும்" என்று மற்றவர் சொல்வார். அலோர் காஜாவில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் இதையே சொல்கிறார். ஜாசினில் ஜவுளி விற்பவரும் இதையே சொல்கிறார். இருபது வருஷங்களாக இதையே சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "காசு சேரட்டும்" என்ற அந்த வார்த்தையைச் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவ்வளவு சேர வேண்டும்? எந்த வருஷத்துக்குள் சேர வேண்டும்? இப்படித் திருப்பிக் கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. வெங்காயம் மூட்டை என்ன விலைக்கு வந்தது, சுமைகூலி எவ்வளவு, அழுகல் போக எவ்வளவு தேறும் என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் நாம். தொகையும் தவணையும் தெரியாத கொள்முதல் எதையும் நாம் செய்வதில்லை. ஆனால் இஸ்லாத்தின் ஐந்தாவது கடமைக்கான பணம் மட்டும், ஓலைக் கூரையிலிருந்து சொட்டும் மழைநீர் குடத்தில் நிறைவதைப்போலத் தானே நிறைந்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

காசைச் சேர்த்து வைப்பதே தவக்குலுக்கு மாறானது என்று நினைக்கும் பேதமை இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. யூஸுப் நபி (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன வரலாறு குர்ஆனிலேயே இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓர் ஆண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் வந்திருக்கிறது. சேமிப்பு தவறென்று யாரும் சொல்ல முடியாது. எந்தக் காசைச் சேமிப்பது, யாருக்குரியதைச் சேமிப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

இந்த நாட்டில் ஹஜ்ஜுச் சேமிப்பின் வரலாறு நாம் யாவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பிற்காலத்தில் அரசப் பேராசிரியர் என்ற பட்டம் பெற்ற பொருளாதார அறிஞர் உங்கு அஸீஸ் அவர்கள், 1959-இல் ஹஜ்ஜுப் பயணிகளின் பொருளாதார நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கம்பத்து மலாய் மக்கள் ஆயுள் முழுவதும் பாடுபட்டு, காசைத் தலையணைக்கு அடியிலும் மூங்கிலிலும் பெட்டியிலும் மறைத்து வைத்தார்கள். வட்டிக்கு அஞ்சி வங்கியின் வாசலை மிதிக்கவில்லை. போதாத தொகைக்கு நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். ஹாஜியாகத் திரும்பி வந்தபோது உழ நிலமில்லை, ஏரில் பூட்ட மாடில்லை. கடமையை நிறைவேற்றிய மனிதர் வறுமையில் விழுந்தார். வட்டி கலவாத சேமிப்புக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்பது அவருடைய யோசனை.

அந்த யோசனையின்படி 1962-இல் ஹஜ்ஜுப் பயணிகள் சேமிப்புக் கழகம் சட்டப்படி அமைக்கப்பட்டு, 1963 செப்டம்பர் 30-இல் வேலையைத் தொடங்கியது. முதல் வருஷத்தில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். சேர்ந்த தொகை சுமார் 46,600 வெள்ளி. தலைக்குக் கணக்கிட்டால் 36 வெள்ளி சொச்சந்தான்! இந்த 36 வெள்ளியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கப்பல் கட்டணத்தின் பக்கத்தில்கூட வைக்க முடியாத தொகை அது. ஆனாலும் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, ஒரு காரியத்தின் பெயரில், ஒரு புத்தகத்தில் எழுதி வைத்த தொகை. 1969-இல் இக்கழகம் ஹஜ்ஜு விவகார அலுவலகத்தோடு இணைக்கப்பட்டது. இன்று நாம் தாபோங் ஹாஜி என்று அழைப்பது அதைத்தான்.

ஒரு காரியத்தின் பெயரில் ஒதுக்கிய காசு என்பதற்கு இன்னோர் உதாரணம் நம் கடை வாசலிலேயே இருந்தது. அதை நாம் கவனித்தோமா என்பது சந்தேகம். 1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது முதல் இம்மாநிலத்தில் பால்மரமும் கடையும் ஒன்றாக வளர்ந்து வந்திருக்கின்றன. புக்கிட் அசஹான், தெபோங், மெர்லிமாவ் என்று எந்தத் திசையில் போனாலும், பால்வெட்டுத் தொழிலாளியின் சம்பள நாளே நம்மவர் கடைக்கும் வசூல் நாளாக இருந்தது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கியபோது, தொழிலாளிக்கு வேலையும் போனது, குடியிருந்த லயத்து வீடும் போனது. அந்த வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளிப் பங்கு சேருங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டந்தோறும் சென்று கேட்டார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித்தான் தொழிலாளர் காசில் வாங்கப்பட்டது.

அந்த 10 வெள்ளி எந்தச் சம்பளத்திலிருந்து வந்தது? நம் கடைப் பற்றுப் புத்தகத்துக்குப் பணம் வந்த அதே சம்பளத்திலிருந்துதான். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நமக்குக் கட்டியது போக மீதியிருந்ததில் பத்தை ஒதுக்கினார்கள். தொகை தெரியும், மாதம் தெரியும், எதற்கென்றும் தெரியும். வாடிக்கையாளருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு முதலாளிக்குத் தெரியாமல் போனதென்ன?

இதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சம்பளக்காரனுக்கு மாதத்தில் ஒரு நாள் காசு வருகிறது. வந்த காசு தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். வியாபாரிக்குத் தினமும் காசு வருகிறது. அதில் தன்னுடையது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. கல்லாப் பெட்டியில் கிடப்பது அத்தனையும் ஒரே நிறம். மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதும், கடை வாடகையும், பையன்கள் சம்பளமும், ஜகாத்துப் பங்கும், தன் லாபமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கையில் புரளுவதால் நிறைய இருப்பதைப்போலத் தோன்றும். ஒதுக்கலாம் என்றால் அடுத்த சரக்குக்கு வேண்டும் என்று தோன்றும். ஆகவே நம்மில் பலர் ஒன்று அளவுக்கு மீறிச் செலவழிக்கிறோம், அல்லது ஒதுக்குவதையே தள்ளிப் போடுகிறோம்.

கணக்கு என்னவோ சுலபமானதுதான். நாளொன்றுக்கு 8 வெள்ளி, மாதம் 25 வியாபார நாள், ஆக 200 வெள்ளி. வருஷத்துக்கு 2,400. பத்து வருஷத்தில் 24,000. மாலையில் கடையைச் சாத்துமுன் எட்டு வெள்ளியை எடுத்து வேறு பெட்டியில் போடுவது எந்தக் கடைக்கும் பெரிய சுமையாகாது. மாதக் கடைசியில் மீதமானால் போடுவோம் என்கிறவர் போடப் போவதில்லை. கடையில் மீதம் என்று ஒன்று எந்த மாதத்திலும் தென்பட்டதில்லை. சிலர் இதற்காகக் கூட்டுப் பிடிக்கிறார்கள். நாலு பேர் நம்பிக்கையில் நடப்பது வேறு. அதையே தொழிலாக நடத்துகிறவர்களை நம்பிக் கெட்டவர்கள் பலர் என்பதால்தான் 1971-இல் அதற்குத் தடைச் சட்டம் வந்தது. ஹஜ்ஜுக் காசை அங்கே கொண்டு போய்ப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

சரி, பத்து வருஷம் தவறாமல் போட்டு 24,000 வெள்ளி சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சந்தோஷம். இப்போதுதான் தலைப்பில் உள்ள கேள்வி எழுகிறது. இந்த 24,000 யாருடையது?

ஏதோ ஒரு தோட்டப்புற ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு அவருடைய பேரேட்டைப் புரட்டுவோம். மொத்தக் கடைக்குத் தவணை கடந்தும் கொடுக்காமல் நிற்பது 9,000. இரண்டு கடைப் பையன்களின் சம்பளத்தில், "ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்" என்று பிடித்து வைத்திருப்பது 6,400. வியாபாரம் நொடித்திருந்த ஒரு வருஷத்தில் மனைவியின் நகையை விற்று முதலில் போட்டது 5,000. திருப்பித் தருவதாகச் சொன்னது, தரவில்லை. மூன்றும் சேர்ந்து 20,400. கழித்தால் அவருடைய ஹஜ்ஜுக் காசு 3,600 வெள்ளி! பாக்கியெல்லாம் மொத்தக் கடைக்காரரும், இரண்டு பையன்களும், மனைவியும் சேர்ந்து அவருக்காகச் சேமித்துக் கொடுத்த காசு. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்த மனிதர் திருடரா? இல்லை. ஐந்து வேளை தொழுகிறவர்; எடையில் ஒரு கழஞ்சு குறைக்காதவர். எட்டு வெள்ளியைத் தினமும் தவறாமல் போட்ட ஒழுங்கும் அவரிடம் இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கே அவருக்குத் திரையாகிவிட்டது. ஒரு பெட்டி நிறைவதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தவர், எந்தப் பெட்டி காலியாவதால் இது நிறைகிறது என்று பார்க்கவில்லை. ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் வந்திருப்பது நாம் அறியாததா?

கடைப் பையன் சம்பளத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த பையனின் சம்பளத்தை முதலாளியே வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வருஷம் கழித்து அவன் சபர் போகும்போது கணக்கு முடித்துக் கொடுப்பது நம்மவரிடையே பழைய வழக்கம். பையன் செலவழித்துவிடாமல் அமானத்தாகக் காப்பதாக முதலாளிகள் சொன்னார்கள். உண்மையாகவே அப்படிக் காத்த பெரியவர்களும் இருந்தார்கள். ஆனால் அமானத்து என்றால் பையன் கேட்ட மறு நிமிஷம் எடுத்து வைக்க வேண்டும். சரக்கில் போட்டுப் புரட்டிவிட்டால் அது அமானத்து அல்ல, கடன். அந்தக் கடனில் வந்த லாபம் யாருக்கு? அது ஒருபுறம் இருக்கட்டும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுச் சட்டம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு ஏழு நாளே தாராளம். அந்தப் பையனுக்கும் ஒரு குறி இருக்கிறது: தங்கை கல்யாணமோ, கூரை மாற்றுவதோ, அவனுடைய தாயாரை ஹஜ்ஜுக்கு அனுப்புவதோ. அவன் குறியை நிறுத்தி வைத்து நம் குறியை எட்டுவதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

"வியாபாரம் என்றால் கடன் இல்லாமல் இருக்குமா? எல்லாம் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டுமென்றால் எந்த வியாபாரியும் ஹஜ்ஜுக்குப் போக முடியாதே!" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் கணக்கில் கழித்தது தவணை கடந்த கடனையும், பிறர் கூலியையும், திருப்பித் தருவதாக வாக்களித்ததையும். தவணை வராத கடனுக்கு அலமாரியில் சரக்கு நிற்கிறது. அதன் சட்டத்தை அவரவர் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கடன்காரர் பெயரைச் சொல்லிக் கடமையைத் தட்டிக் கழிப்பதற்கு வழி செய்தவனாவேன். "காசெல்லாம் வியாபாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது" என்பது நம்மவரின் நிரந்தரச் சாக்கு. ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி அவர்கள் தம் மின்ஹாஜில் மிகச் சரியானதென்று கொள்ளும் கருத்துப்படி, வியாபார முதலைக்கூட ஹஜ்ஜுக்குச் செலவிட வேண்டியதாகும். ஹனபி மத்ஹபில், திரும்பி வந்து பிழைப்பை நடத்த வேண்டிய முதலுக்கு விலக்குண்டு. நம்மிடையே இரண்டு மத்ஹபினரும் இருக்கிறார்கள். எந்த மத்ஹபை எடுத்தாலும், இரண்டாவது கடை திறக்கவும் மூன்றாவது வீடு வாங்கவும் முதல் இருந்து, ஹஜ்ஜுக்கு மட்டும் "மாட்டிக்கொண்டிருக்கிறது" என்கிறவருக்கு இடமிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உங்கு அஸீஸ் கண்ட கம்பத்துக்காரர் இருந்ததை எல்லாம் விற்றுப் போனார். நம் பெரிய கடைக்காரர் எதையும் விற்க மனமின்றி இருந்துவிடுகிறார். இருவரில் முன்னவர் மீதுதான் எனக்கு மரியாதை அதிகம், அவர் செய்தது பொருளாதாரத்துக்கு ஒவ்வாதென்றாலும்.

பிறர் கடனைக் கழித்துப் பார்க்கும் கணக்கு சிறு கடைக்கு மட்டும் உரியதல்ல. 2018-இல் தாபோங் ஹாஜியின் பொறுப்புகள் அதன் சொத்துகளைவிட மிகுந்து நிற்கின்றன என்று அரசு அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் 19.9 பில்லியன் வெள்ளிச் சொத்துகளைத் தனி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றி நிலைமையைச் சீராக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுக்கான ஹிபா 1.25 சதவிகிதத்துக்கு இறங்கியது. சேமிப்பாளர் பணத்துக்கு அரசின் உத்தரவாதம் இருந்ததால் யாருடைய முதலும் போகவில்லை. பெட்டியில் இருப்பதைப் பார்த்து மகிழாமல், கொடுக்க வேண்டியதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்ற பாடம் கோடிக்கணக்கில் புழங்குகிறவர்களுக்கும் பொருந்துகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, கடனெல்லாம் தீர்ந்து, சொந்தக் காசு முழுத் தொகையாகச் சேர்ந்துவிட்டவருக்கு இன்று வேறொரு சோதனை காத்திருக்கிறது. தாபோங் ஹாஜியில் 1,300 வெள்ளி இருந்தால் ஹஜ்ஜுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் மலேசியாவுக்கு 2024-இலும் 2025-இலும் கிடைத்த இடங்கள் 31,600 மட்டுமே. காத்திருப்போர் வரிசை நூறு ஆண்டுகளுக்கும் மேல் நீளும் என்று பொறுப்பிலுள்ளவர்களே சொல்லியிருக்கிறார்கள். முறையீடு செய்து முந்தி இடம் பெறுகிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் அது வாய்க்காது. நாற்பது வயதில் பதிந்தவர் ஐம்பதில் தொகையைச் சேர்த்துவிட்டு, முறை வராமலே போய்ச் சேரலாம்.

அப்படியானால் அவர் குறியை எட்டினாரா, இல்லையா? வியாபாரியின் வழக்கப்படி பார்த்தால், சரக்கு வந்து சேரவில்லை, ஆகவே எட்டவில்லை. நான் வேறு விதமாக நினைக்கிறேன். குறியில் இரண்டு பங்கு இருந்தது. காசு சேர்ப்பது அவர் கையில் இருந்த பங்கு. அழைக்கப்படுவது அவர் கையில் இல்லாத பங்கு. முதல் பங்கை அவர் முடித்துவிட்டார். ஹஜ்ஜைப் பிந்திச் செய்ய ஷாபிஈ மத்ஹபில் அனுமதி இருப்பதும், செய்தே தீர்வேன் என்ற உறுதியை வைத்திருப்பவருக்குத்தான். அந்த உறுதி இருப்பதற்கு அவர் வாயால் சொல்வதைவிடக் கணக்குப் புத்தகம் நல்ல சாட்சி. "காசு சேரட்டும்" என்று சொல்லிக்கொண்டே போனவருக்கும் இவருக்கும் மரணத்துக்குப் பின் வெளித்தோற்றத்தில் வித்தியாசமில்லை; இருவரும் மக்காவைக் காணவில்லை. அல்லாஹ்விடத்தில் இருவரும் ஒன்றென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

முறை வராது என்று தெரிந்ததும், சேர்ந்த காசை எடுத்து மகன் கல்யாணத்தில் பந்தல் பெரிதாகப் போடுகிறவர்களையும் பார்க்கிறோம். வருஷந்தோறும் உம்ராவுக்குப் போய்வந்து, கடைப் பையன் சம்பளத்தை அடுத்த மாதம் அடுத்த மாதம் என்கிறவர்களையும் பார்க்கிறோம். இவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் உறுதியோடு காத்திருக்கிறவர் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஹஜ்ஜு கடமையாகியும் செய்யாமல் மரித்தவருக்காக, வாரிசுகள் பங்கு பிரிக்குமுன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்தே பதல் ஹஜ்ஜு செய்விக்கப்பட வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஆகையால், தாபோங் ஹாஜிக் கணக்கில் பெனாமா பெயரைப் பதிந்து வைக்க வேண்டும். பெனாமா என்பவர் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர், அதை எடுத்து மார்க்கப்படி ஒப்படைக்கும் பொறுப்பாளர் என்பதை வீட்டாருக்கும் விளக்கி வைக்க வேண்டும். இது எதற்கென்று சேர்த்த காசு என்பதைச் சாட்சிகளோடு வஸிய்யத்தில் எழுதி வைக்க வேண்டும்.

எழுதும்போது மேல் வரியில் ஹஜ்ஜுத் தொகையை எழுதிவிடாதீர்கள். கடைப் பையன்களுக்கு எவ்வளவு, மொத்தக் கடைக்கு எவ்வளவு, மனைவியின் நகைக்கு எவ்வளவு என்று அந்த வரிகளை முதலில் எழுதுங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அந்த மேல் வரிகள் எல்லாம் அடிக்கப்பட்டிருந்தால், அடுத்த ஜும்ஆவில் யாராவது "நிய்யத்து உண்டா, பாய்?" என்று கேட்கும்போது தொகையையே பதிலாகச் சொல்லலாம்.